நகர இறப்பு வீதமும் கரிசல் புனைகதையும்: சான்றுப் பயன்பாடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கரிசல் நாவல்களையும் சிறுகதைகளையும் ஆராய்வோர், அவற்றில் இடம்பெறும் பஞ்சம், கொள்ளைநோய், சாவு ஆகியவற்றுக்கு வரலாற்றுப் பின்புலமாகக் காலனிய அரசின் இறப்பு வீதங்களை எடுத்தாள்வது வழக்கமாகியுள்ளது. அவ்வீதங்கள் எவ்வாறு கணக்கிடப்பட்டன என்பதை ஆராயாமல் அவற்றை மேற்கோளாக்குவது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலப் பம்பாய் நகரக் கணக்கொன்றை மாதிரியாகக் கொண்டு, விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரப் புனைகதைகளை அணுகும் முறை இதில் ஆராயப்படுகிறது.

கருச்சொற்கள்: கரிசல் இலக்கியம், இறப்பு வீதம், புலம்பெயர்வு, பிறப்பு இறப்புப் பதிவேடு, விளாத்திகுளம்.

முன்னுரை

வைப்பாற்றங்கரையில் அமைந்த விளாத்திகுளம், எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்த மானாவாரிப் பூமி. மழை பொய்த்தால் மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவது இங்குப் பழகிப்போன ஒன்று. தூத்துக்குடி, கோவில்பட்டி ஆலைகளும் இலங்கைத் தோட்டங்களும் அவர்கள் சென்றடைந்த இடங்களுள் அடங்கும். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி, பூமணி, சோ. தர்மன் முதலியோரின் படைப்புகள் இவ்வட்டார வாழ்வைப் பதிவுசெய்துள்ளன. இவற்றைப் பற்றிய ஆய்வேடுகள் பலவற்றில் முதல் இயல், மாவட்ட விவரச்சுவடி தரும் எண்களோடு தொடங்குகிறது. அடுத்த இயலில் நாவல் அவ்வெண்களை ‘உறுதிப்படுத்துகிறது’. எண்ணும் கதையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதாகத் தோன்றினும், இரண்டில் எதுவும் இங்குச் சோதிக்கப்படுவதில்லை.

நகர வீதத்தின் கணக்கு

நகரத்தின் பகுதிகளுக்கிடையே இறப்பு வேறுபட்டதைக் காட்டும் கணக்குகளுள் பெரிதும் எடுத்தாளப்படுவது பம்பாயினுடையது. 1921இல் அந்நகரில் பதிவான 1000 பிறப்புகளுக்கு, ஓரறைக் குடியிருப்புகளில் குழந்தை இறப்பு 828 என்றும், நான்கும் அதற்கு மேலும் அறைகள் கொண்ட வீடுகளில் 133 என்றும் காட்டப்பட்டது. 1925இல் வெளிவந்த பர்னெட் ஹர்ஸ்டின் பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்பு பற்றிய நூல் வழியாக இவ்வெண்கள் பரவலாக அறியப்பட்டன. நெருக்கடியும் வறுமையும் உயிரைக் குடித்தன என்பதில் ஐயமில்லை. எனினும் 828 என்னும் எண்ணை அப்படியே ஏற்க இயலாது. ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் பலர் பேறுகாலத்தில் கொங்கணக் கிராமங்களுக்குச் சென்றனர். குழந்தை பிறந்தது ஊரில், இறந்தது நகரில். இறப்பு நகரக் கணக்கில் ஏற, பிறப்பு அதில் ஏறாமற்போயிற்று.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்ளலாம். ஆலைக் குடியிருப்பொன்றைச் சேர்ந்த 100 குழந்தைகளில் 60 பேர் தாய்வீட்டில் பிறந்து நகருக்குத் திரும்புகின்றனர். அந்த 100 பேரில் 20 பேர் ஓராண்டுக்குள் நகரில் இறக்கின்றனர். உண்மையான வீதம் 1000க்கு 200. நகரப் பதிவேட்டில் 40 பிறப்புகளே உள்ளமையால் அங்கு வீதம் 500 ஆகிறது. கிராமப் பதிவேட்டிலோ 60 பிறப்புகள் உண்டு. அக்குழந்தைகளின் இறப்பு ஒன்றுகூட இல்லை. ஒரே குழந்தை நகர வீதத்தை உயர்த்துகிறது. கிராம வீதத்தைத் தாழ்த்துகிறது.

முதியோர், தொழிலாளர் ஆகியோரின் கணக்கில் இது தலைகீழாக நிகழும். நோயுற்று உழைக்க இயலாதவர் ஊர் திரும்பி இறக்கும்போது, நகரில் உருவான சாவு கிராமத்தின் கணக்கில் விழுகிறது. ஆகவே நகர வார்டின் வீதத்தையும் மானாவாரிக் கிராமத்தின் வீதத்தையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுவது, ஒரே குடும்பத்தை இரண்டாகப் பிரித்து ஒப்பிடுவதாகும்.

இந்நிலை கரிசலுக்குப் புறம்பானதன்று. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது இவ்வட்டாரத்தின் உறுதியான வழக்கம். தூத்துக்குடியில் கோரல் மில் 1908இல் வேலைநிறுத்தம் நிகழ்ந்த அளவுக்குத் தொழிலாளர் திரண்ட இடமாக விளங்கியது. அத்தகைய நகரின் இறப்பு வீதத்தையோ அதைச் சூழ்ந்த கிராமங்களின் வீதத்தையோ பயன்படுத்துவோர் இவ்வழக்கத்தைக் கருதாமல் முடிவு கூறுதல் பொருந்தாது.

‘காய்ச்சல்’ என்னும் தலைப்பு

சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் இயற்றப்பட்டது. கிராமத்தில் பதிவுப் பொறுப்பு கிராம முன்சீப்பிடம் இருந்தது. இறப்புக்கான காரணத்தை அவர் மருத்துவச் சான்றின்றி, உறவினர் சொல் கேட்டே எழுதினார். காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு முதலிய தலைப்புகளே அவருக்குத் தரப்பட்டிருந்தன. அடையாளம் தெரியாத சாவுகளில் பெரும்பாலானவை ‘காய்ச்சல்’ என்பதில் சேர்ந்தன. 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சா இறப்புகளும் நாட்டின் பல பகுதிகளில் அத்தலைப்பிலேயே ஏறின. வழக்கமான தலைப்புகளில் பட்டினி இல்லை. பசியால் மெலிந்தவர் கடைசியில் பேதியாலோ காய்ச்சலாலோ இறந்தார். அந்தக் கடைசி நோயே பதிவேட்டில் நின்றது.

கதையின் அலகு

இந்த இடத்தில்தான் புனைகதை வேறொரு சான்றாகிறது. கு. அழகிரிசாமியின் ‘திரிபுரம்’ கதையில் பஞ்சத்தால் ஊரைவிட்டு நடக்கும் தாயும் மகளும் சாவதில்லை. மானத்தை இழந்து உயிரைக் காத்துக்கொள்கின்றனர். எந்த இறப்புக் கணக்கிலும் இவ்விருவரும் இடம்பெறார். பஞ்சத்தில் தப்பியோர் தொகையில்தான் அடங்குவர். தப்புதலுக்குக் கொடுத்த விலை என்ன என்று அக்கதை கேட்கிறது.

புதுமைப்பித்தன் கரிசல் எழுத்தாளர் அல்லர். ஆயினும் 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த அவருடைய ‘துன்பக்கேணி’ இவ்வாய்வுக்குத் தேவைப்படுகிறது. திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தைச் சேர்ந்த மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சுரண்டலுக்கும் நோய்க்கும் ஆளாகிறாள். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் தோட்டத் தொழிலாளரைத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் இயங்கியது. அப்பணி பின்னர் மண்டபத்துக்கு மாறியது. கொள்ளைநோய் இலங்கைக்குள் நுழையாமல் தடுப்பதே அம்முகாம்களின் நோக்கம். தோட்டத்திலிருந்து நோயோடு திரும்புவோரின் நிலையை மருதியின் கதையே நம் முன் வைக்கிறது.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ வழிப்போக்காக வந்த கர்ப்பிணியொருத்தி நீர்க்கரையில் நகைக்காகக் கொல்லப்படுவதைச் சொல்கிறது. அவள் அவ்வூரைச் சேர்ந்தவள் அல்லள். எனினும் ஊர் அச்சாவுக்குப் பொறுப்பேற்று விசாரிக்கிறது. எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது என்னும் கேள்வியை முன்சீப்பின் பதிவேடு எழுப்பும். யார் பொறுப்பு என்னும் கேள்வியை நாவல் எழுப்புகிறது.

மூன்று படைப்புகளிலும் கதையின் அலகு ஊர்வழி செல்லும் மனிதரே. நிகழிடத்தை அலகாகக் கொண்ட பதிவேட்டிலிருந்து அவை வேறுபடுவது இதனால்தான்.

புனைகதையின் வரம்பு

இதனால் புனைகதை பதிவேட்டுக்கு மாற்றாகிவிடாது. எத்தனை பேர் இறந்தனர் என்பதை நாவலால் கூற இயலாது. எழுத்தாளரின் சாதிநிலையும் காலத்தொலைவும் எந்தச் சாவு கதையாகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ நெடுங்காலத்துக்கு முந்தைய வாழ்வைக் குடியேறிய நிலவுடைமைச் சமூகத்தின் நினைவுவழிக் கூறுகிறது. அந்நிலங்களில் உழைத்தோரின் சாவு அதில் அதே அளவில் இடம்பெறும் என எதிர்பார்த்தல் தகாது. பூமணியும் சோ. தர்மனும் வேறு நிலைகளிலிருந்து எழுதியதன் இன்றியமையாமை இங்கு விளங்கும். பதிவேட்டைப் போலவே நாவலையும், யாரை எண்ணியது, யாரை விட்டது என்று கேட்டே சான்றாகக் கொள்ள வேண்டும்.

முடிவுரை

இறப்பு வீதத்தை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் மூன்று வினாக்களுக்கு விடை தரக் கடமைப்பட்டவர். வகுக்கும் எண்ணாகக் கொள்ளப்பட்டது எது? காரணத்தை எழுதியவர் யார்? இறந்தவர் வாழ்ந்த இடமும் கணக்கில் ஏறிய இடமும் ஒன்றா? விடை கிடைக்காத எண்ணைப் பின்புலமாக நிறுத்துவதைவிட, அதன் குறையை வெளிப்படையாகக் கூறுவது நேர்மையானது. புனைகதை அக்குறை எங்குள்ளது என்று சுட்டுகிறது. அதை நிரப்பும் பணி கிராமப் பதிவேடுகளையும் புலம்பெயர்ந்தோர் ஆவணங்களையும் இணைத்துப் படிக்கும் ஆய்வுக்கு உரியது. ஆலைக்கும் தோட்டத்துக்கும் சென்று நோயோடு திரும்பிய கரிசல் மக்களை நகரமும் எண்ணவில்லை. ‘காய்ச்சல்’ என்று எழுதிய ஊரும் அறியவில்லை. அவர்களுடைய சாவை மீண்டும் ஒருமுறை ஆய்வேட்டின் முதல் இயலில் தொலைத்துவிடலாகாது.