தொண்ணூறு அடிச் சாலையில் மஞ்சள்

மும்பையில் அந்தேரி, லோயர் பரேல் பக்கம் பெரிய திரை வைத்த பார்கள் நிறைய உண்டு. ஐபிஎல்லில் சென்னை ஆட்டம் பார்க்க எனக்குத் தாராவி 90 அடிச் சாலையில் டிவி ஓடும் டீக்கடை போதும். நாலு பெஞ்சு. மிச்சப் பேர் வாசலில் நின்று, முன்னால் இருப்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். திருநெல்வேலித் தமிழில் கேப்டனுக்கு யோசனை போகும், இந்தியில் மறுப்பு வரும். அப்பாக்கள் சென்னைக் கட்சி. இங்கேயே பிறந்த பையன்கள் பலர் மும்பை.

2018 மே 27. இறுதிப் போட்டி, இதே ஊர் வான்கடேயில். முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்காத எங்கள் வாட்சன், கடைசிவரை நின்று 57 பந்தில் 117 அடித்தார். அன்றைக்கு விசில் சத்தத்தில் தெருவே எங்களுடையது.

மறு ஆண்டு இறுதிப் போட்டி மே 12, ஹைதராபாத். எதிரணி மும்பை. கடைசிப் பந்தில் எங்களுக்கு 2 ரன் வேண்டும். மலிங்கா மெதுவாக வீசிய பந்து ஷர்துல் காலில் பட்டது. ஒரே ரன்னில் போயிற்று. பெஞ்சில் பேச்சில்லை. கடைக்காரர் யாரும் கேட்காமலே கட்டிங் சாய் ஊற்றினார். வெளியே பட்டாசு. நீலச் சட்டைப் பையன் ஒருவன் உள்ளே வந்து அப்பாவின் கையைப் பிடித்தான்.

“எப்பா, வாங்க. வீட்டுக்குப் போவோம்.”