மடலும் பளிக்கறையும்

காதல் ஒருவர் உள்ளத்தில் தோன்றலாம். ஒருவரால் மட்டும் நிறைவேறுதல் இயலாது. இவ்வுண்மையை இலக்கணமாகவே வகுத்து வைத்த மொழி நம் தமிழ். அகத்திணை ஏழு என்று கூறிய தொல்காப்பியர், நடுவில் நின்ற ஐந்தனை ஒத்த அன்பிற்கு உரியனவாக்கினார். தொடக்கத்தில் கைக்கிளையையும் இறுதியில் பெருந்திணையையும் நிறுத்தினார். மறுமொழி பெறாதவன் தானே பேசித் தானே மகிழ்வது கைக்கிளை. அளவு கடந்து பொருந்தாமையில் முடிவது பெருந்திணை. இவை இரண்டும் அன்பின் ஐந்திணைக்கு இருபுறத்தும் இடப்பட்ட எல்லைக் கற்கள் எனலாம்.

இதனைப் புலமை விளையாட்டாக இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. தாய்நிலம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. வீட்டுப் பேச்சு ஒன்று, சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பு மற்றொன்று, திரைப்படம் மூன்றாவது. காதலைப் பற்றி வீட்டில் நாம் பேசுவதில்லை. வகுப்பிலோ திருக்குறளின் முதலிரு பால்களோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆகவே காதலைப் பற்றிய தமிழ் முழுவதும் மூன்றாம் வழியிலேயே அவர்களை அடைகிறது. அந்த வழியில் வருவது என்ன, நம் இலக்கியம் தந்திருக்கக்கூடியது என்ன என்று சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

மடலேறுதல்

பின்தொடர்ந்து வற்புறுத்தும் காதலுக்கு நம் மரபில் வழங்கும் பெயர் மடலேறுதல். தலைவியைப் பெறாத தலைவன் பனைமட்டையால் குதிரை செய்து அதன்மேல் ஏறுவான். எருக்கம்பூவும் ஆவிரம்பூவும் எலும்பும் சூடுவான். அவளது உருவம் எழுதிய கிழியைக் கையிலேந்தி ஊர்த்தெருவில் வருவான். குறுந்தொகை, நற்றிணை, கலித்தொகை ஆகிய மூன்றிலும் இச்செய்தி பயில்கிறது. மடலைப் பாடிய சிறப்பினாலேயே மடல் பாடிய மாதங்கீரனார் எனப் பெயர்பெற்ற புலவரும் உளர்.

இங்கே உரையாசிரியர்கள் செய்த நுண்ணிய வேறுபாடு ஒன்றினைக் கருத வேண்டும். மடலேறுவேன் என்று தலைவன் சொல்லுதல் ஐந்திணையின்பாற் படும். ஏறியே விடுதல் பெருந்திணையாகும். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே ஒரு திணையே மாறிவிடுவது ஏன்? சொல்லைத் தோழி ஒருத்தியே கேட்கிறாள். அதற்கு மறுமொழி கூறும் உரிமை தலைவியிடத்தே இன்னும் எஞ்சி நிற்கிறது. தெருவில் ஏறிய பின்னரோ அவளுடைய மறுமொழியை ஊரார் தீர்மானிக்கிறார்கள். நாணத்தைத் துறந்தவன் அவன். நாணத்தை இழப்பவள் அவள். தன்னை வருத்திக்கொள்வது போன்ற தோற்றத்தில் அவளை அச்சுறுத்தும் செயலாக மடல் மாறுகிறது.

கலித்தொகையின் மடற்பாடல் ஒன்று இதனைத் தன்னையறியாமலே காட்டிக்கொடுக்கிறது. மடலூர்ந்து தெருவில் பாடியவனுக்கு அவள் சுற்றத்தார் அவளைக் கொடுத்துவிட்டனராம். எப்படிக் கொடுத்தனர்? பாண்டியனுக்கு அவன் பகைவர் திறை கொடுத்தது போலக் கொடுத்தனராம். தலைவனின் வெற்றியைப் பாடவந்த உவமை இது. ஆயினும் உவமையை நின்று நோக்குவார்க்கு நெஞ்சம் துணுக்குறும். திறை என்பது அன்பினால் தருவதன்று. தோற்றவன் அஞ்சித் தருவது. தன் உருவம் தெருவில் திரிந்ததைக் கேட்ட அப்பெண் யாது நினைத்தாள் என்பதைப் பாட்டு நமக்குச் சொல்லவில்லை. அவள் உருவம் எழுதிய அந்தக் கிழி இன்று கைப்பேசியில் இருக்கிறது. ஊர்த்தெருவும் உலகளவாக விரிந்துவிட்டது. மடல் மட்டும் அப்படியே இருக்கிறது.

குறிப்பறிதல்

‘அங்ஙனமாயின் விடாமுயற்சிக்குக் காதலில் இடமே இல்லையா? மறுத்துப் பேசும் பெண்ணின் உள்ளத்தில் அன்பு இருக்கலாம் என்று வள்ளுவரே கூறவில்லையா?’ என்று அன்பர்கள் வினவலாம். நேர்மையான வினா. காமத்துப்பாலின் குறிப்பறிதல் அதிகாரத்தில், அயலார் போலப் பேசினும் உள்ளத்தில் பகையில்லாதவர் சொல் விரைவில் விளங்கிவிடும் என்னும் கருத்து வருவது உண்மையே. ‘வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள்’ என்னும் திரைப்பட நீதிக்கு இதனையே சான்றாகக் காட்டுவாரும் உளர்.

ஆனால் அதிகாரத்தை முழுதாகப் படித்தல் வேண்டும். அது பெண்ணின் பார்வையிலிருந்து தொடங்குகிறது. அவள் நோக்குகிறாள், தலைகவிழ்கிறாள், அவன் நோக்காதபோது தான் நோக்கி மெல்ல நகுகிறாள். இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே அவளது கடுஞ்சொல் பொய்க் கடுமை என்று தெளியப்படுகிறது. இறுதியில் இருவர் கண்களும் ஒத்துவிட்டால் சொற்களால் பயனில்லை என்று அதிகாரம் முடிகிறது. இருவர் கண்களும் என்பதே அதன் உயிர்நிலை. குறிப்பறிதல் என்னும் இதே பெயரில் பொருட்பாலிலும் ஓர் அதிகாரம் உண்டு. கண்கள் நட்பையும் உரைக்கும், பகையையும் உரைக்கும் என்று அங்கே கூறப்படுகிறது. குறிப்பறியும் ஆற்றல் உடையவன் இரண்டையும் அறிவான். விருப்பத்தை மட்டும் எங்கும் கண்டு வெறுப்பை எங்கும் காணாதவன் குறிப்பறிந்தவன் அல்லன். தன் ஆசையையே அவள் முகத்தில் எழுதிப் படிப்பவன்.

மேலும், அகப்பாடல்களில் தலைவன் மீண்டும் மீண்டும் வந்து குறையிரப்பதும், தோழி அவனைச் சேட்படுத்துவதும் விரிவாகவே உள்ளன. அம்முயற்சி தோழி என்னும் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். அவளோ தலைவியின் பக்கத்தவள். தலைவியின் உள்ளத்தை ஆராய்ந்து உணர்ந்த பின்னரே வழிவிடுகிறாள். திரைப்படத்தில் அந்த இடத்தில் நிற்பவன் நாயகனின் தோழன். அவளுடைய முகவரியையும் கல்லூரி நேரத்தையும் அறிந்து வந்து சொல்வதே அவன் தொழில். தோழியை நீக்கித் தோழனை அமர்த்திய இவ்வொரு மாற்றத்தில் அகமரபின் அறமே தலைகீழாகிவிட்டது.

பளிக்கறைக்குள் ஒரு பெண்

இப்பொருளை முழுமையாக நம் முன் வைக்கும் காவியம் சாத்தனாரின் மணிமேகலை. சோழன் மகன் உதயகுமரன் மணிமேகலை உவவனத்தில் இருப்பதை அறிந்து தேரேறி வருகிறான். அவள் பளிக்கறை மண்டபத்துள் புகுந்துகொள்கிறாள். அம்மண்டபத்தின் இயல்பைச் சாத்தனார் முன்னரே கூறிவிடுகிறார்: உள்ளிருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே கேளாது. பின்தொடர்பவன் ஒருவன் ஒரு பெண்ணைக் காணும் முறைமைக்கு இதனினும் பொருத்தமான படிமம் கிடைத்தல் அரிது. உருவம் காண்கிறான்; குரல் கேட்கவில்லை. உடன் வந்த சுதமதி அறிவுரை கூறுகிறாள். அதுவும் அவன் செவியில் ஏறவில்லை. சித்திராபதி வாயிலாக இவளைப் பெறுவேன் என்று சொல்லிப் போகிறான். அவளிடம் கேட்டுப் பெறலாம் என்னும் எண்ணம் அவனுக்கு அப்போதும் தோன்றவில்லை.

அவன் சென்ற பின்னர் மணிமேகலை சொல்லும் ஒன்றே இக்காவியத்தைப் பிற கதைகளினின்றும் உயர்த்துகிறது. கற்பில்லாதவள், விலைமகள் என்று தன்னை இகழ்ந்தவன் பின்னேயே தன் நெஞ்சம் போயிற்று என்று அவள் சுதமதியிடம் ஒளிக்காமல் கூறுகிறாள். முற்பிறப்பில் அவனே தன் கணவன் இராகுலன் என்பதையும் பின்னர் மணிபல்லவத்தில் அறிகிறாள். திரைக்கதை எழுதுவோர் கையில் இது கிடைத்திருந்தால், ‘அவளுக்கும் விருப்பம் உண்டு’ என்று அந்த இடத்திலேயே மாலை மாற்றிக் கதையை முடித்திருப்பர். சாத்தனார் அவ்வாறு செய்யவில்லை. நெஞ்சில் ஓர் ஈர்ப்பு எழுவது வேறு. வாழ்வை ஒருவனுக்கு ஒப்புக்கொடுப்பது வேறு. தன் நெஞ்சம் அறிந்தே அவள் மறுத்தாள். அம்மறுப்பு அவளுடையது, அதனை அவளுக்காகத் திருத்தி எழுதும் உரிமை எவர்க்கும் இல்லை.

மணிமேகலா தெய்வமே உதயகுமரன் முன் தோன்றி, அரசின் கோல் கோணினால் வரும் கேடுகளை எடுத்துரைத்து, தவநெறி பூண்டவள்மேல் வைத்த எண்ணத்தை விடுக என்றது. அவன் விடவில்லை. அவள் காயசண்டிகையின் வடிவம் கொண்டு மறைந்தாள், அவ்வடிவையும் தொடர்ந்தான். தன் மனைவியை நாடி வந்த அயலான் என்று எண்ணிக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவனை வாளால் வெட்டி வீழ்த்தினான். தொடரப்பட்ட பெண் தப்புவதற்காக வேடம் பூண்டது அக்காலக் கதை. 2016-இல் வெளிவந்த ‘ரெமோ’ என்னும் திரைப்படத்திலோ, வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை அணுகுவதற்காக நாயகன் செவிலிப்பெண் வேடம் பூணுகிறான்; அரங்கம் சிரிக்கிறது; இறுதியில் அவள் அவனுக்கே கிடைக்கிறாள். வேடம் கைமாறியதில் ஒரு பண்பாட்டின் பார்வையே இடம் மாறியிருப்பதை நாம் காண்கிறோம்.

எனினும் பழைய காவியத்தையும் நாம் கண்மூடிப் போற்றுவதற்கில்லை. மகன் மடிந்த செய்தி கேட்ட சோழ மன்னன், தான் செய்திருக்க வேண்டியதைக் காஞ்சனன் செய்தான் என்கிறான். தவத்தோர் நோன்பும் மகளிர் கற்பும் அரசன் காவலின்றி நிலைபெறா என்கிறான். பெருமைக்குரிய சொற்கள். ஆனால் அடுத்து அவன் இட்ட ஆணை யாது? மணிமேகலையையும் காவலில் வைக்க என்பதே. தொடர்ந்தவன் குற்றவாளி என்று தெளிந்த அரசனுக்கும், தொடரப்பட்டவளுக்குச் சிறையைத் தவிர வேறு காவல் தோன்றவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நம் வீடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அறியாத ஊரில், வேற்றுமொழி பேசும் தெருவில் வாழும் நாம், மகள் ஒரு நாள் வந்து ‘ஒருவன் பின்னால் வருகிறான்’ என்று சொன்னால் என்ன செய்கிறோம்? நடன வகுப்பை நிறுத்துகிறோம், கைப்பேசியை வாங்கி வைக்கிறோம், கல்லூரியை மாற்றுகிறோம், விரைந்து வரன் பார்க்கிறோம். அவை அனைத்தும் அன்பினால் செய்யப்படுவனவே. ஆயினும் சோழ மன்னன் கட்டிய காவலும் அதுவே. அடுத்த முறை அவள் நம்மிடம் சொல்லமாட்டாள் என்பது மட்டுமே அதன் பயன்.

மறுப்பைக் கேட்டவன்

மறுப்பைக் கேட்டுத் திருந்தும் காதலனைக் கதையில் படைக்க முடியாதா? படைத்தால் சுவை குன்றிவிடுமா? ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இதற்கு விடை. அதில் எலிசபெத் என்னும் பெண்ணை இருவர் மணம் வேண்டுகின்றனர். காலின்ஸ் என்பவர், நற்குடிப் பெண்கள் முதலில் மறுப்பது வழக்கம் என்று சொல்லி அவள் மறுப்பை மறுப்பாகவே ஏற்கவில்லை. ஆசிரியை அவரை நகைப்புக்குரியவராக்குகிறார். டார்சியோ மறுப்பைக் கேட்டு விலகுகிறார். அவள் சாட்டிய குறைகளை எண்ணிப் பார்க்கிறார். நெடுநாள் கழித்து மீண்டும் கேட்கும்போது, அவள் மனம் மாறவில்லையெனில் ஒரு சொல் போதும், இனிப் பேசுவதில்லை என்று கூறியே கேட்கிறார். இருநூறு ஆண்டுகள் கடந்தும் உலகம் விரும்பிப் படிக்கும் காதற்கதை அது. காத்திருத்தலும் விலகி நிற்றலும் காதலின் சுவையைக் குறைக்கவில்லை, கூட்டின.

சட்டமும் இன்று இதனையே பேசுகிறது. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. விருப்பமின்மையைப் பெண் தெளிவாகப் புலப்படுத்திய பின்னரும் திரும்பத் திரும்பத் தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றம். முதன்முறைக்கு 3 ஆண்டு வரையும், மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. ஆனால் சட்டம் குற்றம் நிகழ்ந்த பின்னரே வருவது. இருபது வயது இளைஞன் தான் செய்வது குற்றம் என்று அறியாமல், அதுவே காதல் என்று நம்பிச் செய்கின்றானே, அந்த நம்பிக்கையை அவனுக்குத் தந்தவை கதைகளும் பாட்டுகளும். அதனை மாற்றும் பொறுப்பும் கதைகளுக்கு உண்டு. அவற்றை எடுத்துச் சொல்லும் நமக்கும் உண்டு.

ஆதலின் நம் சங்கங்களின் வகுப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காமத்துப்பாலையும் மணிமேகலையையும் நாணாமல் கற்பிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். மகளிரை மட்டும் தனியே அமர்த்தி எச்சரிக்கை கூறுவது போதாது. ஆண்பிள்ளைகளும் உடனிருந்து கேட்க வேண்டும். பளிக்கறையின் உள்ளே நிற்பவளுக்கு ஒரு குரல் உண்டு என்பதையும், அக்குரல் கேளாதவரையில் தாம் காண்பது வெறும் உருவமே என்பதையும் அவர்கள் இளமையிலேயே அறிதல் வேண்டும்.