பதினைந்து ஆடுகளின் பக்கம்

வீடியோ கேமில் ஊறிய நண்பர்களிடம் ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "சின்ன வயசுல பாட்டி வீட்ல ஆடியிருக்கேன்" என்பார்கள். பாட்டியோடு அந்த ஆட்டமும் போய்விட்டது என்ற தொனி அதில் இருக்கும். நான் பகலில் நிரல் எழுதிப் பிழைப்பவன். இரவில் கேம், கேம் இல்லாத இரவில் புத்தகம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூர்ப் பக்கம் குடிவந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. பல ஆட்டங்களைப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வடிவமைப்பின் கச்சிதத்தில் ஆடுபுலிக்கு இணையாக நிற்கக்கூடியவை மிகச் சில.

ஆட்டத்துக்கு வேண்டியவை ஒரு கரித்துண்டு, ஒரு பாறை, மூன்று கூழாங்கல், பதினைந்து புளியங்கொட்டை. உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து விசிறி போல நான்கு கோடுகளைக் கீழே இறக்க வேண்டும். அவற்றின் கால்களை ஓர் அடிக்கோட்டால் கட்ட வேண்டும். நடுவே மூன்று குறுக்குக் கோடுகள். இவை முக்கோணத்துக்கு வெளியிலும் இருபுறம் நீளும்; நீண்ட முனைகளை மேலிருந்து கீழாக இணைத்தால் முக்கோணத்தின் மேல் ஒரு பெட்டி படுத்திருக்கும். உச்சியில் 1, மூன்று வரிகளில் ஆறு ஆறாக 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 புள்ளிகள்.

விதிகளை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். புலிகள் மூன்றும் முதலில் களத்தில் இறங்கும். ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக்கூடாது. புலி நகரலாம், பக்கத்தில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. மூன்று புலிகளையும் அசைய விடாமல் கட்டிப்போட்டால் ஆட்டுக்காரர் வென்றார். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி, புலிகள் எங்கே தொடங்க வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். பதினைந்தாம் புலி என்ற பெயரில் ஆடுகிற ஊர்களும் உண்டு.

ரசிக்கத் தெரிந்தவன் முதலில் மூலைகளைப் பார்ப்பான். பெட்டியின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள், உச்சி ஆகிய ஏழு புள்ளிகளில் எந்தக் கோடும் நேராகத் தாண்டிச் செல்வதில்லை. எனவே அங்கே உட்கார்ந்த ஆட்டை எந்தப் புலியும் வெட்ட முடியாது. இப்போது அதே மூலையில் ஒரு புலியை வைத்துப் பாருங்கள். பெட்டி மூலையிலோ அடிக்கோட்டு முனையிலோ சிக்கிய புலியைக் கட்ட நான்கு ஆடுகள் போதும்: இரண்டு பக்கத்தில், இரண்டு அவற்றின் பின்னால். நடுவயிற்றில் நிற்கும் புலியைக் கட்ட எட்டு வேண்டும். ஆட்டுக்குக் கோட்டையாக இருக்கும் புள்ளியே புலிக்குச் சிறை. உச்சி மட்டும் விலக்கு. அங்கே ஆட்டுக்கும் ஆபத்தில்லை. புலி ஏறினாலோ அதைக் கட்ட எட்டு ஆடுகள் தேவை. உச்சியை விடாதே என்று புலிக்காரர்களுக்குப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு கணக்கு என்னை வியக்க வைத்தது. உச்சி 1, மேல்வரி முழுவதும் 6, நடுவரியின் இரு முனைகள் 2, கீழ்வரியின் இரு முனைகள் 2, அடிக்கோடு 4. கூட்டினால் சரியாக 15. புலிகள் உள்ளே மாட்டியிருக்க, இந்தப் புள்ளிகளை மூலையில் தொடங்கி நிரப்பிவிட்டால் ஓர் ஆட்டைக்கூட வெட்ட முடியாது. ஆனால் வைத்து முடித்த அடுத்த முறையே ஏதாவது ஓர் ஆடு உள்ளே இறங்கியாக வேண்டும். இறங்கினால் அதன் முதுகுக்குப் பின்னால் ஓட்டை விழும். பதினாறாவது ஆடு இருந்திருந்தால் ஆட்டம் வேறு. பதினான்கு என்றாலும் வேறு. இந்த எண்ணைத் தேர்ந்தவர் யாரென்று பெயர் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடித் தேய்ந்து நிலைத்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இப்படிச் சரிபார்த்துச் சரிபார்த்து எண்களை நிலைநிறுத்துவதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இரு தரப்புக்கும் வெவ்வேறு பலம், வெவ்வேறு இலக்கு என்பதை இன்றைய கேம் உலகம் பெரிதாகக் கொண்டாடுகிறது. 2016இல் வந்த 'டெட் பை டேலைட்' வீடியோ கேமில் ஒரு கொலையாளியை எதிர்த்து நான்கு பேர் தப்பிக்க வேண்டும். 2018இல் வந்த 'ரூட்' பலகை ஆட்டத்தில் காட்டைப் பிடிக்கப் போராடும் ஒவ்வோர் அணிக்கும் தனித்தனி விதிகள். இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் 'ரூட்' கற்க விதிப்புத்தகத்தோடு ஒரு மாலையைச் செலவிட வேண்டும். ஆடுபுலியில் அந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது: புலி வெட்டும், ஆடு வெட்டாது, புலி மூன்று, ஆடு பதினைந்து.

புலியாக ஆடுவது இளரத்தத்துக்கு இன்பம். ஆட்டத்தின் கலை இருப்பது ஆட்டுப் பக்கத்தில். இதை எனக்குக் காட்டியவர், சாமை அறுப்பு முடிந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பாறையில் பேரனோடு ஆடும் ஒரு பெரியவர். பேரன் எப்போதும் புலி. ஒரு மாலை அவன் புலி கீழ்வரியில், இடமிருந்து இரண்டாவது புள்ளியில் நின்றது. மேலே ஆடு, அதற்குப் பின்னாலும் ஆடு. வலப்பக்கமும் அப்படியே. கீழே அடிக்கோட்டு முனையில் ஓர் ஆடு. இடப்பக்கம் பெட்டியின் மூலை மட்டும் காலி. கையில் மிச்சமிருந்த ஆடுகளில் ஒன்றை அங்கே வைத்தாலே புலி கட்டுண்டுவிடும். பெரியவர் அதை அங்கே வைக்காமல் வேறு புள்ளியில் வைத்துவிட்டு, எங்கோ அடிக்கோட்டில் இருந்த ஓர் ஆடு வெட்டுப்படக் காத்திருப்பதைப் பார்த்தும் பார்க்காதவர் போல வெற்றிலையை மடித்தார்.

"தாத்தா, அந்த ஆடு போயிரும்!"

"போனா போகட்டும்டா. உன் ஆட்டத்த நீ ஆடு."

பேரனுக்குச் சந்தேகம். வெட்டப் போனால் ஏதோ வலை என்று நினைத்து, திறந்திருந்த மூலைக்குள் புலியை ஓட்டினான். பெரியவர் கடைசிப் புளியங்கொட்டையைப் புலி விட்டுவந்த புள்ளியில் வைத்தார். இடது விளிம்பில் ஏற்கெனவே இரண்டு ஆடுகள். புலி முடிந்தது. முன்பு நின்ற இடத்தில் அதைக் கட்ட ஆறு ஆடுகள் தேவை. மூலையில் நான்கோடு வேலை முடிந்தது. மிச்சமான ஆடுகள் அடுத்த புலியைத் தேடிப் போகலாம். அவர் கதவைத் திறந்து வைத்தது ஆட்களை மிச்சம் பிடிக்க.

பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, ஆட்டப் பாத்துக்கிட்டே இருந்தா ஆடு சாகும். புலி வந்து எறங்குற எடத்தப் பாக்கணும்" என்றார். ஆட்டுக்காரரின் முழு சாஸ்திரமும் இதுதான். ஆட்டைக் காப்பது என்றால் அதற்குப் பின்னாலுள்ள காலிப் புள்ளியை நிரப்புவது. தனி ஆட்டுக்கு வீரம் கிடையாது. பின்னால் ஒன்று நின்றால்தான் முன்னால் நிற்பதற்கு உயிர்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? 23 புள்ளிகளை 23 பிட்டுகளாக வைத்துக்கொண்டால் ஒரு நிலையை இரண்டே எண்களில் எழுதிவிடலாம்: புலிகளுக்கு ஒன்று, ஆடுகளுக்கு ஒன்று. பதினைந்து ஆடும் மூன்று புலியும் களத்தில் இருக்கும் நிலைகள் 2 கோடியே 74 லட்சத்து 57 ஆயிரத்து 584. வெட்டுப்பட்டு ஆடு குறைந்த நிலைகளையும் சேர்த்தால் சுமார் 185 கோடி. மனிதருக்கு எட்டாத எண்; இன்றைய கணினிக்கு முடியாத எண் அல்ல. நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டமான 'பாக் சால்' உண்டு: 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். அதை லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினி அறிஞர்கள் அலசினார்கள். இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்பது அவர்கள் கண்ட விடை.

விடை தெரிந்துவிட்டால் ரசனை போய்விடுமா? போகாது. அந்த விடை பிழையே செய்யாத இருவருக்கானது. பாறையில் உட்காருபவர்கள் அந்த இருவர் அல்லர். பெரியவர் பேரனின் சந்தேகத்தையும் சேர்த்துத்தான் ஆடினார். வெட்டுப்படக் காத்திருந்த அந்த ஓர் ஆட்டை வைத்து மனத்தைப் படிக்கும் கணக்கு 185 கோடி நிலைகளில் எதிலும் எழுதப்பட்டிருக்காது.

இந்த ஆட்டத்தைத் தேடிப் புத்தக அலமாரிக்குப் போனாலும் ஏமாற்றமில்லை. ஹெச். ஜே. ஆர். மரே 1952இல் சதுரங்கம் நீங்கலான பலகை ஆட்டங்களுக்கென்றே ஒரு வரலாறு எழுதினார். சிறுபான்மை வீரர்களைப் பெரும்பான்மை வளைக்கும் வேட்டை ஆட்டங்களுக்கு அதில் தனி இடம் உண்டு. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்தே ஒரு நூல் தந்திருக்கிறார். இந்த மலையடிவாரத்துக்கு இன்னும் நெருக்கமான புத்தகம் இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் வந்த 'செங்கம் நடுகற்கள்'. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மாண்டவர்களுக்கு நட்ட கற்களை அதில் காணலாம். மந்தையைக் காப்பது இந்த வட்டாரத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அந்தக் கற்களுக்கும் பாறையில் கிறுக்கிய கட்டத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மந்தை மேய்த்த மக்களிடம் வெட்டத் தெரியாத ஆடுகள் கூடி நின்று வெல்லும் ஆட்டம் நிலைத்ததில் வியப்பும் இல்லை.

ஆடுபுலிக்கு இன்று செல்போன் செயலிகள் உண்டு. பழக அவை உதவும். ஆனால் செயலி தவறான நகர்வைத் தானே தடுத்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் வெற்றிலை மடிக்கும் நேரத்தைக் காட்டுவதில்லை. எனவே ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் கட்டம் வரையுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். புலியை அவரிடம் கொடுத்துவிட்டு ஆடுகளை நீங்கள் எடுங்கள். முதல் சில ஆட்டங்களில் தோற்பீர்கள். பரவாயில்லை, கற்க வேண்டிய பக்கம் அதுதான்.