இரும்புக் கூண்டும் ஒரு சாவியும்

எங்க சித்தப்பா குடியை விட்டு ஒன்றரை வருஷம் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் குடித்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பேதுருவின் இரண்டாம் நிருபத்து வசனம்: கக்கியதைத் தேடிப் போகும் நாய், குளிப்பாட்டிய பிறகும் சேற்றுக்கே போகும் பன்றி. யார் பேரையும் சொல்லல. ஆனா எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' (1678) நாவலில் இதே போன்ற ஒரு காட்சி உண்டு. வியாக்கியானியின் வீட்டில், இருட்டறையில், இரும்புக் கூண்டுக்குள் ஒருவன். ஒருகாலத்தில் நல்ல விசுவாசி. இச்சைகளுக்குக் கடிவாளத்தை விட்டுவிட்டவன். இனி மனம் திரும்பவே முடியாது என்கிறான். கிறிஸ்தியான் கேள்விகள் கேட்கிறான், பயப்படுகிறான், அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். கூண்டில் இருப்பவன் அங்கே ஒரு பாடம், அவ்வளவுதான்.

எச்சரிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருக்கிச் சுத்தமாக்கி வைத்த வீட்டுக்குப் போன ஆவி, இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பும் என்று லூக்கா 11இல் இயேசு சொல்வது, குடியை விட்டுப் பார்த்த எவருக்கும் புரியும். ஆனால் அது இன்னும் விழாதவனுக்குச் சொல்ல வேண்டியது. விழுந்தவன் காதில் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. பனியனுக்கு இது தெரியும். கிறிஸ்துவை விற்றுவிட்டோம், ஏசாவைப் போல இனி நமக்கு வழியில்லை என்று பல நாள் தவித்ததை 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கூண்டுக்குள் இருந்துவிட்டு வந்தவர் அவர்.

அதனால்தானோ என்னவோ, நாவலின் பின்பகுதியில் இன்னொரு சிறை வருகிறது. கரடுமுரடான பாதையை விட்டுப் புல்வெளி வழியாக இறங்கியது கிறிஸ்தியானின் யோசனை. தோழனையும் அவனே இழுத்துவந்தான். இருவரும் அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். புதன் காலையிலிருந்து சனி இரவுவரை இருட்டு, அடி, பட்டினி. செத்துப்போங்கள் என்கிறான் அரக்கன். கிறிஸ்தியான் அதற்கும் தயாராகிவிடுகிறான். தோழன்தான் தடுக்கிறான். நீ இதுவரை எதையெல்லாம் தாண்டி வந்தாய் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்துகிறான். உன்னால்தான் மாட்டினோம் என்று குத்திக்காட்டுவதில்லை. கடைசியில், வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மடியிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது.

விமர்சனங்களில் அந்தச் சாவியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். எனக்கு அந்த நாலு நாள்தான் முக்கியமாகப் படுகிறது. சாவி ஞாபகம் வரும்வரை ஒருவன் உயிரோடு இருக்கணுமே. அதற்குப் பக்கத்தில் ஆள் வேணும். கூண்டில் இருந்தவனுக்கு அது கிடைக்கல. அவனைப் பார்க்க ஆள் வந்தது, கூட உட்கார வரல.

சித்தப்பாவை எல்லாரும் திரும்பிப் பார்த்த அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். ஆராதனை முடிந்ததும் அவரோடு ஒரு டீ குடித்திருக்கலாம். நான் பைக்கை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டேன்.