கணியாகுளம் பஸ்ஸில் இனி தூக்கம் வராது

கேட்டியளா, எனக்கு இன்னும் காது அடங்கல. கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேட்டு மூணு நாளாச்சு. சாப்பாட்டுத் தட்டுல விரல் தன்னால தாளம் போடுது, வீட்டுல ஒரு மாதிரியாப் பாக்காங்க. பாக்கட்டும்!

நெனச்சுப் பாருங்க. சித்திரை மாசம், நடுச்சாமம், ஓலைப்பந்தல், பிச்சிப்பூ வாசம், சாம்பிராணிப் புகை, மணல்ல பாய் விரிச்சு வெத்தலை இடிக்கிற ஆச்சிமார். நடுவுல நீண்டு கிடக்கு வில்லு, அதுல வரிசையா மணிகள், அதோட சேர்த்துக் கட்டின மண்குடம். புலவர் அக்கா ரெண்டு வீசுகோலையும் சுழற்றி நாண்மேல ஒரு போடு போட்டாங்க பாருங்க, அத்தனை மணியும் ஒண்ணாச் சிலிர்க்க, குடத்து வாயில தட்டுற பத்தி ‘தொம்’முனு விழ, உடுக்கை விம்ம, பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ன்னு இழுக்க, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு இயர்போன் எப்ப கழண்டு விழுந்துதுன்னே தெரியல. காலையில மணலை அரிச்சுத் தேடினதுல ஒண்ணுதான் கெடச்சுது.

அன்னைக்கு எடுத்த கதை இரவிக்குட்டிப்பிள்ளை போர். 17-ஆம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர் படையை எதிர்த்து நின்ன வேணாட்டு வீரன். மாண்டது எங்கன்னு நெனைக்கிய? கணியாகுளம்! நான் தினமும் டவுன் பஸ்ஸுல வாயைத் திறந்து தூங்கிக்கிட்டே கடக்கிற அதே கணியாகுளம்! ‘கெட்ட கனாக் கண்டேன், போகாதே’ன்னு பெத்தவ மறிக்கிற கட்டத்துல அக்கா பாட்டை நிறுத்தி, ‘இந்தக் காலமா இருந்தா வாட்ஸப்புல அனுப்பியிருப்பா, அவனும் பாத்துட்டுப் பதில் போடாம இருந்திருப்பான்’னு சொல்ல, பின்னால நின்ன காலேஜ் பயலுவ விழுந்து விழுந்து சிரிச்சானுவ, சிரிப்பு அடங்குமுன்ன வீசுகோல் திரும்பவும் விழுந்துது, அதே ராகம் அழுகையா இறங்குது, சிரிச்ச பயலுவ கண்ணைத் துடைக்கானுவ, நான் துடைக்கக்கூட மறந்து தேம்பிக்கிட்டு இருக்கேன், பக்கத்து ஆச்சி தன் முந்தானையை நீட்டுதா! வெக்கமா? எதுக்கு வெக்கம்?

ஆர்மோனியம் கொஞ்சம் தூக்கல்தான். அதை விடுங்க.

இந்தக் கதையைக் கட்டினவர் பேரை யாரும் சொல்லல. நம்ம சட்டப்படி எழுதினவர் காலத்துக்கப்புறம் 60 வருஷம் உரிமை உண்டு. ஆளே தெரியாத பாட்டுக்கு யாரு ராயல்டி கேப்பா? பாட்டும் வில்லும் எல்லாருக்கும் பொது. ஒழுகினசேரியில் 1908-ல பிறந்த நம்ம கலைவாணர் இந்த வில்லைத் தூக்கிட்டுப் போய்த்தானே காந்தி கதை பாடினார்! அவர் சென்னைக்குக் கூட்டிட்டுப் போன திருநெல்வேலிக்காரர் சுப்பு ஆறுமுகம் வில்லைக் கடைசிவரை கீழ வைக்கல. 2021-ல பத்மஸ்ரீ வந்துது.

அடுத்த கொடைக்கு வாங்க. முன்வரிசையில பாய் போட்டு வைக்கேன். ஒண்ணே ஒண்ணு, வாழி பாடி முடிக்குமட்டும் எந்திரிக்கப்படாது.