ஊவாவின் பெயரற்ற கலைஞன்: ஒரு சுயவிமர்சனக் குறிப்பு

இசையில் வாழ்வைத் தேடி நிறைவு காணாத தனியன் தமிழ்ப் புனைகதைக்குப் புதியவனல்லன். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில் வரும் பாபுவை நாம் அறிவோம். அவனது தடுமாற்றத்தை மனப்போராட்டமாகவே விளக்குவதுண்டு. ஆயின், தடுமாறுவதற்கேனும் அவனுக்கு ஒரு குருவும், கும்பகோணத்தின் நெடிய இசைமரபும், ஓய்வு நேரமும் வாய்த்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவை எவையும் வாய்க்காத கலைஞனை ஊவா மாகாணத் தோட்டங்களிற் காண்கிறோம். விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பே. மாசி மாதத்தில் காமன் கூத்தை நடத்திச் சென்றதும் தப்பே. உழைப்பை ஒழுங்குபடுத்திய கருவியே கலைக்குரிய கருவியுமாயிற்று. அதனை ஏந்தியவன்மீது சாதி இழிவும் சுமத்தப்பட்டது. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதம் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. அவனது திறமைக்கு அரங்கொன்றைக் கொண்டுவரவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோது, சேர்ந்து ஆடிய குழுக்களின் எதிர்காலமும் கேள்விக்குள்ளாயிற்று. இந்நிலையில் அவனது தனிமையை வெறும் மனப்பாங்காகக் கொள்வது பொருந்தாது.

எனினும், முற்போக்கு விமர்சனமும் குற்றமற்றதன்று. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்து போராடியதை நாம் பெருமையுடன் எழுதுகிறோம். அதே ஆண்டில் வெளிவந்த மீனாட்சியம்மாள் நடேசய்யரின் பாடல்களையும் போற்றுகிறோம். தொழிற்சங்க மேடை அவரது பெயரைக் காத்தது. மேடை கிடைக்காதவனின் பாடலையோ ‘மக்கள் பாடல்’ எனத் தொகுத்து, துயரத்தின் சான்றாக மட்டும் வாசித்தோம். சொல் அச்சேறியது, மெட்டும் தாளமும் பாடியவன் பெயரும் ஏட்டுக்கு வெளியே நின்றன. கூட்டுக்குரலைத் தேடிய நாம், அக்கூட்டத்தினுள் சிறந்து பாட விரும்பிய ஒருவனது வேட்கையைக் காணத் தவறினோம். அதனைப் பூர்ஷுவாத் தனிமனிதவாதமென ஐயுற்றோம் போலும். தன் ஆற்றலை முழுமையாக வளர்க்கும் வாய்ப்பை உழைப்பாளிக்கு மறுப்பது சுரண்டலின் இயல்பெனின், அவ்வேட்கையும் வர்க்க வேட்கையே.

ஆகவே, எஞ்சியுள்ள முதிய கலைஞரிடம் செல்லும் ஆய்வாளர், ‘நீங்கள் யாரிடம் பயின்றீர்கள், என்னவாக விரும்பினீர்கள்?’ என்று முதலிற் கேட்டல் வேண்டும். பாட்டை அதன்பின் பதிவுசெய்யலாம்.