உழைப்பாளர் சிலையில் வெற்றி எங்கே?

மெரினா போன யாரும் உழைப்பாளர் சிலையைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. செய்தவர் யாருன்னு கேட்டால்தான் பலரும் முழிப்பாங்க.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர்ப் பக்கம் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைக்கு வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். 1957 வரை அங்கேதான். குஸ்தியும் தெரியும். அது சும்மா சொல்லும் தகவல் இல்லை, சிலையிலேயே தெரிகிறது.

சிலைக்கு அவர் வைத்த பேரு 'உழைப்பின் வெற்றி'. 1959 ஜனவரியில் திறந்தார்கள். நாலு பேர் ஒரு பாறையை நகர்த்தப் பார்க்கிறார்கள். நல்லா கவனிச்சுப் பாருங்க: பாறை இன்னும் நகரவில்லை. முதுகு வளைந்திருக்கு, விலா எலும்பு தெரியுது, கால் மண்ணைத் தேடி ஊன்றுது. வெற்றிக்கு அங்கே ஒரு அடையாளமும் கிடையாது. நம்ம ஜனங்க பேரிலிருந்து 'வெற்றி'யைக் கழற்றிவிட்டு வெறும் 'உழைப்பாளர் சிலை' என்றாங்களே, அதுதான் சரியான விமர்சனம். செய்தவரை விட அவங்க சிலையை ஒழுங்காப் பார்த்திருக்காங்க.

அதே 1959இல் அதே கடற்கரையில் வைக்கப்பட்ட காந்தி சிலையும் அவருடையதுதான். குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் எனக்கு அது தெரிந்த முகத்துக்குச் செய்த மரியாதையாகவே படுகிறது. கூட்டம் என்று வந்தால்தான் ராய் சௌத்ரிக்குக் கை சூடாகிறது. பாட்னா தியாகிகள் நினைவகத்தில் 1942இல் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்ட ஏழு இளைஞர்கள். டெல்லியில் தண்டி யாத்திரைக் கூட்டம், மொத்தம் பதினோரு உருவங்கள். காந்தியே அங்கே நடக்கிறவர்களில் ஒருவராகும்போது உயிர் வந்துவிடுகிறது.

அவருக்குப் பிறகு கே.சி.எஸ். பணிக்கர் காலத்து மெட்ராஸ் ஓவியர்கள் வேறு திசையில் போனார்கள். ராய் சௌத்ரியின் யதார்த்தம் மேற்கத்திய பழைய சரக்கு என்ற பேச்சும் உண்டு. ரோடானின் சாயல் இருப்பது உண்மைதான், மறுக்கவில்லை.

இலஞ்சியிலிருந்து எட்டிப்போனால் தென்காசிக் கோயில். அங்கே வீரபத்திரரும் மன்மதனும் ரதியும் ஒற்றைக் கல்லில் நிற்கிறார்கள். என்ன வேகம், என்ன முறுக்கு! அந்தக் கல்லை மலையிலிருந்து நெம்பிக் கொண்டுவந்தவனுக்கு மட்டும் கோயிலில் எங்கேயும் உருவம் இல்லை. அவனை மெரினாவில் வெண்கலத்தில் வடித்து நிறுத்த ரங்பூரிலிருந்து ஒருத்தர் வரவேண்டியிருந்தது.